புதிய ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி: இணையக் குழுக்களும் வகுப்பறை உதவித் தொழில்நுட்பமும்

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், பார்வையற்ற மாணவி ஒருவர் என் வகுப்பில் படித்தார். அவர் மடிக்கணினியில், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துப் படிப்பவர் என்பதால், பயிற்சித்தாள் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பிவந்தேன்; கடமையைச் சரியாகச் செய்கிறேன் என்றே நம்பினேன். மூன்று வாரம் கழித்து ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். நான் 'அம்மா' என்று அடித்திருந்த சொல்லின்மேல் அவர் அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர, மென்பொருள் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று வாசித்துக்கொண்டே போனது. நான் பயன்படுத்தியிருந்தது பாமினி எழுத்துரு. அதில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பவையோ ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். மூன்று வாரமாக நான் அனுப்பியவற்றில் ஒரு வரிகூட அந்த மாணவிக்குத் தமிழாகப் போய்ச் சேரவில்லை. தோழியரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் அவர் பயிற்சிகளை முடித்துத் தந்திருக்கிறார்.

அன்று மாலை ஆசிரியர்களின் இணையக் குழு ஒன்றில் நடந்ததை அப்படியே எழுதினேன். தாமும் பார்வையற்றவரான ஓர் ஆசிரியர் ஒரு மணி நேரத்துக்குள் பதில் எழுதினார். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி வழியாக, தமிழ் எழுத்தைத் தமிழாகவே கோப்பில் பதியும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள், இனிமேல் யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள், மாணவியின் திரைவாசிப்பானான என்விடிஏ மென்பொருளோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று மூன்றே வரிகள். அவற்றைச் செய்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

ஒரு கருவி என்னென்ன செய்யும் என்பதை அதன் கையேடு சொல்லிவிடும். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் அறையில், கடைசிப் பாடவேளையில், பாதி சார்ஜ் மட்டுமே இருக்கும்போது அது என்ன செய்யும் என்பதை இன்னோர் ஆசிரியரால்தான் சொல்ல முடியும். ஆகவே உதவிக் கருவிகளையும் இணையக் குழுக்களையும் தனித்தனியாகக் கற்காமல், ஒன்றுக்கு மற்றொன்று துணையாக இருக்கும்படி கற்றுக்கொள்ளுமாறு புதிதாகப் பணிக்கு வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கீழே உள்ள படிகளை அந்த நோக்கத்தோடுதான் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: தடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் 'எந்தச் செயலி நல்லது?' என்ற கேள்வியோடு தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. எந்த மாணவருக்கு, எந்த வேலைக்கு, எந்த இடத்தில் என்பது தெரியாமல் நல்ல கருவி என்று எதையும் சொல்ல முடியாது. உதவித் தொழில்நுட்பத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய ஜாய் சபாலா, செட் என்ற எளிய முறை ஒன்றை 1990களில் உருவாக்கினார். மாணவர், சூழல், பணி, கருவி என்ற நான்கையும் அதே வரிசையில் சிந்திக்க வேண்டும் என்பதுதான் அது. கருவி கடைசியில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு வாரம் குறிப்பேட்டுடன் கவனித்தாலே போதும். மாணவர் எந்த நேரத்தில் பின்தங்குகிறார், அப்போது அவர் செய்ய வேண்டியிருந்த வேலை என்ன, அவர் அதைச் சமாளிக்க என்ன செய்தார் என்பவற்றை அவ்வப்போது குறித்துவையுங்கள். வார முடிவில் அவற்றை ஒரே வாக்கியமாக்குங்கள். 'எழுத்தில் பலவீனம்' என்பது பயன்படாத வாக்கியம். 'வாய்மொழியாக ஐந்து வாக்கியங்களில் விடை சொல்லும் மாணவர், அதையே தாளில் எழுதும்போது பத்து நிமிடத்தில் ஒரு வாக்கியம்தான் எழுதுகிறார், பென்சிலை மிகவும் அழுத்திப் பிடிக்கிறார், இரண்டு வரி எழுதியதும் கையை உதறுகிறார்' என்பது பயனுள்ள வாக்கியம். தடை சிந்தனையில் இல்லை, கையில் இருக்கிறது என்பதை அந்த வாக்கியமே காட்டிவிடுகிறது. தடித்த பென்சில் பிடிமானம், சாய்வான எழுதுபலகை, குரல்வழித் தட்டச்சு என்று தேட வேண்டிய திசையும் புலப்படுகிறது.

இந்த வாக்கியத்தில் நோயின் பெயரோ குறைபாட்டின் பெயரோ இடம்பெறக் கூடாது. டிஸ்லெக்சியா, ஆட்டிசம் என்று முடிவு சொல்வது அதற்கான பயிற்சி பெற்ற வல்லுநரின் வேலை. நாம் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால், அந்த வல்லுநருக்கும் அது பெரிதும் உதவும்.

எழுதிய வாக்கியத்தை மாணவரிடமே படித்துக் காட்டிச் சரிதானா என்று கேளுங்கள். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. பெட்சி பிலிப்ஸ், ஹாங்சின் ஜாவ் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், உதவிக் கருவிகள் பெற்ற பெரியவர்கள் 227 பேரிடம் விசாரித்ததில், கருவிகளில் சுமார் 29 சதவீதம் முற்றிலும் கைவிடப்பட்டிருந்தது தெரியவந்தது. பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காமல் கருவியைத் தேர்ந்தெடுத்தது அதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. வகுப்பிலும் இதையே காண்கிறோம்: எல்லோர் கண்ணும் தன்மேல் விழும்படி செய்யும் கருவியை எந்த வளரிளம் மாணவரும் இரண்டாம் நாள் பையிலிருந்து எடுக்க மாட்டார்.

இரண்டாம் படி: கையிலேயே இருப்பதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், பள்ளிக் கணினியிலும் உங்கள் கைப்பேசியிலும் ஏற்கெனவே உள்ள அணுகல் வசதிகளைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும். விண்டோஸ் விசையுடன் கன்ட்ரோல், என்டர் இரண்டையும் அழுத்தினால் நரேட்டர் என்ற திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். விண்டோஸ் விசையுடன் எச் விசையை அழுத்தினால் குரல்வழித் தட்டச்சுப் பெட்டி வரும். ஷிப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' வசதியை இயக்கலாமா என்று கணினி கேட்கும்; இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்த இயலாத மாணவர், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தியே வேலையை முடிக்க அது வழிசெய்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக், ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர் ஆகிய திரைவாசிப்பான்கள் அமைப்புகள் பகுதியிலேயே இருக்கின்றன. விண்டோஸில் இயங்கும் என்விடிஏ, ஆஸ்திரேலியாவில் 2006இல் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது. அன்றுமுதல் இன்றுவரை இலவசமாகவே கிடைக்கிறது.

பட்டியலைப் படிப்பதால் இவை கைவசமாகிவிடா. ஒரு மாலை என்விடிஏவை நிறுவி, கணினித் திரையை அணைத்துவிட்டு, நீங்கள் தயாரித்த பயிற்சித்தாள் ஒன்றைத் திறந்து மூன்றாம் கேள்விக்குப் போகப் பாருங்கள். சுட்டியைத் தொடாதீர்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில், எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும். கைப்பேசியில் படமெடுத்து பிடிஎப் ஆக்கிய தாளாக இருந்தால், திரைவாசிப்பான் வெற்று ஆவணம் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த மௌனத்தை ஒருமுறை கேட்ட ஆசிரியர் பிறகு, படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் இட்டுத் திருத்தாமல் எந்தத் தாளையும் அனுப்புவதில்லை.

மின்சாரமே தேவைப்படாத கருவிகளையும் மறக்க வேண்டாம். ஒரு வரியை மட்டும் காட்டும் சாளரம் வெட்டிய அட்டை, நாளின் வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திய சுவர்ப்பட்டை, கைப்பிடி உருப்பெருக்கி, மணற்கடிகாரம் ஆகியவையும் உதவித் தொழில்நுட்பமே. எளிய கருவி போதுமான இடத்தில் விலையுயர்ந்த கருவியைத் திணிப்பது மாணவருக்குச் செய்யும் நன்மை ஆகாது.

மூன்றாம் படி: குழுவில் சேருங்கள், சரியாகக் கேளுங்கள்

ஆசிரியர் குழுக்கள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பேஸ்புக்கிலும் ஏராளமாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் சேர்வது எதிலும் சேராததற்குச் சமம். உங்கள் பாடம் சார்ந்த குழு ஒன்று, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கற்பிப்போரின் குழு ஒன்று என இரண்டு போதும். இயன்றால் இரண்டாவது குழுவில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய பெற்றோரும் உறுப்பினராக இருக்கிறார்களா என்று பாருங்கள். திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்துபவர் எழுதும் ஒரு பத்தி, அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எழுதும் பத்துப் பத்திகளைவிட மதிப்புடையது.

சேர்ந்தவுடன் எழுதத் தொடங்க வேண்டாம். இரண்டு வாரம் படியுங்கள். யார் தம் வகுப்பில் செய்து பார்த்ததைச் சொல்கிறார், யார் வந்ததைப் பகிர்ந்துகொண்டே இருக்கிறார், யார் ஏதோவொன்றை விற்க வந்திருக்கிறார் என்பது அதற்குள் தெரிந்துவிடும். தோல்வியடைந்த முயற்சிகளையும் வெளிப்படையாகப் பேசும் உறுப்பினர்கள் உள்ள குழுதான் தங்குவதற்கு ஏற்ற இடம் என்பது என் அனுபவம். எல்லாக் கருவியும் அருமை என்று சொல்லும் குழுவில் யாரும் எதையும் பயன்படுத்திப் பார்ப்பதில்லை.

இனி, கேட்கும் முறை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நல்ல குழுக்களில்கூடப் புதியவர்களின் கேள்விகள் பதிலில்லாமல் போவதற்குக் குழு காரணமல்ல, கேள்வியின் அமைப்பே காரணம். 'என் மாணவருக்குக் காது சரியாகக் கேட்காது, என்ன செய்யலாம்?' என்று எழுதினால், அக்கறையுள்ள நால்வர் நான்கு திசையில் பதில் சொல்வார்கள். கேட்டவர் குழம்பிப் போவார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

'நடுநிலைப் பள்ளி வகுப்பு. மாணவர் இரு காதிலும் செவித்துணைக் கருவி அணிகிறார். நான் முன்வரிசையில் நின்று பேசும்போது புரிந்துகொள்கிறார். குழு விவாதத்தின்போது பின்வரிசையில் பேசுபவரின் பேச்சு அவருக்கு எட்டுவதில்லை. மின்விசிறிச் சத்தம் உண்டு. பேசுபவரைத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன், ஆனால் திரும்புவதற்குள் அடுத்தவர் பேசத் தொடங்கிவிடுகிறார். கையடக்க ஒலிவாங்கியைப் பேசுபவரிடம் மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையை யாரேனும் பின்பற்றியிருக்கிறீர்களா? விவாதத்தின் வேகம் குறைந்ததா?'

முதல் படியில் நீங்கள் எழுதிய வாக்கியமே இந்தக் கேள்வியின் உடல். சூழல், ஏற்கெனவே செய்து பார்த்தது, அதன் விளைவு, குறிப்பான ஒரு கேள்வி ஆகிய நான்கும் இதில் இருக்கின்றன. இப்படிக் கேட்பவருக்கு அனுபவசாலிகள் நேரம் ஒதுக்கி எழுதுவார்கள்.

அந்தக் கேள்வியில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். மாணவரின் பெயர், பள்ளியின் பெயர், வகுப்புப் பிரிவு, ஒளிப்படம், மருத்துவ அறிக்கை எதுவும் இல்லை. எந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. இன்று நீங்கள் இடும் செய்தி நாளை திரைப்பிடிப்பாக வேறெங்கோ போய்ச் சேரும். முகம் மறைத்த படமாக இருந்தாலும், சீருடையும் சுவரில் உள்ள எழுத்தும் அடையாளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கைப்பேசிப் படக்கோப்பின் உள்ளேயே எடுத்த இடத்தின் தகவல் பதிந்திருக்கவும் கூடும். மாணவரின் கையெழுத்துத் தாளைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், பெற்றோரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, பெயரை வெட்டியெடுத்த பிறகு காட்டுங்கள். பாடத்தை எளிமைப்படுத்த செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்தும்போதும் இதே விதி பொருந்தும்: பாடப் பத்தியைக் கொடுங்கள், குழந்தையைப் பற்றிய குறிப்பைக் கொடுக்காதீர்கள். ஒரு குழந்தையின் இயலாமையை அது வளர்ந்த பிறகு தேடி எடுக்கக்கூடிய இடத்தில் நாம் எழுதி வைத்துவிட்டால், அதை எந்த மன்னிப்பாலும் அழிக்க முடியாது.

கிடைத்த பதிலை உடனே செயல்படுத்தவும் வேண்டாம். பதில் சொன்னவரிடம், எத்தனை மாணவர்களோடு, எவ்வளவு காலம், எந்த வயதினரோடு செய்து பார்த்தீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். உடல்நலம், மருந்து, காது, கண் தொடர்பான அறிவுரைகள் குழுவில் வந்தால் அவற்றை வல்லுநரிடம் கேட்பதற்கான கேள்விகளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கும் வரம்பு வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம், மற்ற நேரங்களில் அறிவிப்பு ஒலியை அணைத்துவிடுங்கள். பாடம் தயாரிக்கும் நேரத்தைக் குழு தின்றுவிட்டால் சேர்ந்ததன் பயனே போய்விடுகிறது.

நான்காம் படி: பாடப் பொருளைத் தொடக்கத்திலேயே அணுகத்தக்கதாகத் தயாரியுங்கள்

தனித்தனியாக ஒவ்வொரு மாணவருக்கும் தாளை மாற்றிக்கொண்டிருந்தால் உங்கள் வாரயிறுதி முழுவதும் கரைந்துவிடும். தொடக்கத்திலேயே பலருக்கும் பொருந்தும்படி தயாரிப்பதுதான் நடைமுறைக்கு உகந்தது. 1984இல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமைப்பு 'கற்றலுக்கான அனைவருக்குமான வடிவமைப்பு' என்று முன்வைத்த சிந்தனையும் இதுவே: பாடத்தைப் பெறுவதற்கும், கற்றதை வெளிப்படுத்துவதற்கும், ஈடுபாட்டோடு பங்கேற்பதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைத் திறந்து வைக்க வேண்டும்.

ஆவணத்தில் தலைப்புகளை எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்குவதோடு விடாமல், சொற்செயலியில் உள்ள தலைப்பு பாணியைத் தேர்ந்தெடுத்து அமையுங்கள். அப்படி அமைத்தால்தான் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். இல்லாவிட்டால் பத்தாம் பக்கத்துக்குப் போக ஒன்பது பக்கத்தையும் கேட்டாக வேண்டும். எழுத்து 12 முதல் 14 புள்ளி அளவிலும், வரிகளுக்கு இடையே ஒன்றரை மடங்கு இடைவெளியோடும் இருப்பது வாசிப்பில் இடர்ப்படுவோருக்கு எளிது. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் இடுவதைத் தவிருங்கள். இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறையின்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிமாறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அதைக் கணக்கிடும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. சரியான விடையைப் பச்சையிலும் தவறான விடையைச் சிவப்பிலும் மட்டும் காட்டாமல், பக்கத்தில் சரிக்குறியோ பெருக்கல்குறியோ இடுங்கள்; நிறக்குறைபாடுள்ள மாணவர் வகுப்பில் இருப்பது பல நேரம் அவருக்கே தெரியாது.

படங்களுக்கு மாற்றுரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் விளக்கம், எழுதுவதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 'நீர்ச் சுழற்சிப் படம்' என்று எழுதிவிட்டால், பார்வையற்ற மாணவருக்குக் கிடைப்பது தலைப்பு மட்டுமே. படத்தைப் பார்க்கும் மாணவர் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்களோ, அதை எழுத வேண்டும்: 'கடலிலிருந்து மேல்நோக்கி ஓர் அம்புக்குறி ஆவியாதலைக் காட்டுகிறது, மேகத்திலிருந்து மலைமீது விழும் கோடுகள் மழையைக் காட்டுகின்றன, மலையிலிருந்து ஆறு கடலுக்குத் திரும்புகிறது.' அதே படம் தேர்வுத்தாளில் வந்து, ஆவியாதல் எங்கே நிகழ்கிறது என்று கேள்வி இருந்தால், மாற்றுரையில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. 'கடலிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் அம்புக்குறி அ' என்று எழுத வேண்டும். ஒரே படத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு மாற்றுரை தேவைப்படும் என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும். வெறும் அலங்காரப் படமாக இருந்தால், அலங்காரம் என்று குறிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கேட்பவரின் நேரம் மிச்சமாகும்.

காணொளிகளுக்குத் தானியங்கியாக உருவாகும் எழுத்து வரிகளை அப்படியே நம்ப வேண்டாம். அன்றாடப் பேச்சை ஓரளவு பிடிக்கும் மென்பொருள், பாடத்தின் கலைச்சொற்களில்தான் தவறுகிறது. ஆனால் மாணவருக்குத் தேவைப்படுவதே அந்தச் சொற்கள்தான். பாடத்தின் பத்து முக்கியச் சொற்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று மட்டுமாவது சரிபார்த்துத் திருத்துங்கள்.

பிறர் பகிரும் பாடப் பொருளை எடுத்து மாற்றும்போது உரிமத்தைப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளவற்றில் உருவாக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். 'மாற்றியமைக்கக் கூடாது' என்ற நிபந்தனை இருந்தால் எளிமைப்படுத்திய பதிப்பைப் பரப்ப முடியாது. அச்சு நூல்களை வாசிக்க இயலாதோருக்காக அணுகத்தக்க வடிவில் பிரதியெடுக்க வழிவகுக்கும் மராக்கேஷ் ஒப்பந்தம் 2013இல் ஏற்கப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இணைந்த நாடுகளில் பாடநூலின் பிரெய்ல், ஒலி வடிவங்களை அங்கீகரிக்கப்பட்ட நூலகங்கள் வழியாகப் பெறலாம். நீங்களே முழு நூலையும் தட்டச்சு செய்யத் தொடங்கும் முன் அங்கே இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: கருவி வகுப்பில் இருக்கும்போது உங்கள் பழக்கத்தை மாற்றுங்கள்

கருவி வந்துவிட்டால் ஆசிரியர் பழையபடியே கற்பிக்கலாம் என்ற எண்ணம்தான் பல கருவிகள் அலமாரிக்குப் போகக் காரணம். செவித்துணைக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் பேச்சின் ஒலியளவு 6 டெசிபெல் குறைகிறது. அறைக்குள் எதிரொலி சேர்வதால் கணக்குச் சற்று மாறினாலும், தள்ளியிருக்கும் மாணவருக்குச் சொல் மங்கிச் சத்தம் மிஞ்சுகிறது என்பது மாறுவதில்லை. செவித்துணைக் கருவி சொல்லையும் சத்தத்தையும் சேர்த்தே பெருக்குகிறது. ஆசிரியர் சட்டையில் அணியும் கம்பியில்லா ஒலிவாங்கி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குரலைப் பிடித்து மாணவரின் காதுக்கு நேராக அனுப்புவதால்தான் அவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஆனால் அதை அணிந்தபடி கரும்பலகையைப் பார்த்துப் பேசினால் உதட்டசைவு மறைகிறது. சக மாணவர் கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லாமல் பதில் மட்டும் சொன்னால் பாதி உரையாடல் போய்விடுகிறது. பக்கத்து அறைக்குப் போகும்போது அணைக்க மறந்தால் உங்கள் சொந்தப் பேச்சு மாணவரின் காதில் விழுந்துகொண்டிருக்கும். இவை மூன்றும் பழக்கமாக ஒரு மாதம் ஆகும்.

பேச்சுக்குப் பதிலாகப் படப்பலகையோ பேசும் கருவியோ பயன்படுத்தும் மாணவரிடம் தேவைப்படும் பழக்கம் காத்திருத்தல். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடியாக நீட்டித்தாலே விடைகளின் நீளமும் தரமும் கூடுகின்றன என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக்காட்டினார். அது பேசும் மாணவர்களுக்கான கணக்கு. படங்களைத் தேடித் தொட்டுச் சொல்பவருக்குப் பத்து நொடி, இருபது நொடிகூடத் தேவைப்படும். அந்த நேரத்தில் அவர் சொல்ல வந்ததை ஊகித்து நாமே முடித்துவைத்தால், அடுத்த முறை அவர் முயல மாட்டார். நீங்களும் பாடம் நடத்தும்போது அந்தப் பலகையில் உள்ள சொற்களைத் தொட்டுக்காட்டிப் பேசுங்கள். பிறர் பேசுவதைக் கேட்டுக்கேட்டுத்தானே குழந்தை பேசக் கற்கிறது; பலகையில் பேசுவதையும் பிறர் பேசிக் காட்டினால்தான் கற்கும். தண்டனையாக அந்தக் கருவியை எடுத்து வைப்பது ஒருபோதும் கூடாது. அது அந்தக் குழந்தையின் வாய்.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 250 கோடிக்கு மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவைப்படுகிறது. மூக்குக்கண்ணாடியும் அந்தக் கணக்கில் அடங்கும். கண்ணாடி அணிந்த மாணவரைப் பார்த்து 'உனக்கு மட்டும் ஏன் சலுகை?' என்று எந்த வகுப்பும் கேட்பதில்லை. பேசும் கருவியைப் பற்றிய கேள்வி சக மாணவர்களிடமிருந்து எழும்போது இந்த ஒப்பீட்டைச் சொல்லுங்கள். சிறு குழந்தைகளுக்கும் உடனே புரிகிறது. பள்ளி நிர்வாகத்திடம் பேச வேண்டி வந்தால், ஐநா சபை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, கல்வியில் நியாயமான மாற்றங்கள் செய்து தரப்படுவதை உரிமையாகவே வைக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆறாம் படி: இரண்டு வாரம் சோதியுங்கள், குறித்துவையுங்கள், குழுவுக்குத் திருப்பிச் சொல்லுங்கள்

ஒரே நேரத்தில் ஒரு மாணவருக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது பயன்பட்டது என்று சொல்ல முடியாது. தொடங்கும் முன் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றைக் குறித்துவையுங்கள்: பத்து நிமிடத்தில் எழுதிய வாக்கியங்கள், உதவி கேட்டுக் கையுயர்த்திய தடவைகள், தானாக முடித்த கணக்குகள். இரண்டு வாரம் கழித்து அதையே மீண்டும் எண்ணுங்கள். முதல் மூன்று நாளில் எண்ணிக்கை குறையலாம். புதிய கருவியைக் கற்பதே ஒரு வேலை என்பதால் அது இயல்பு. இரண்டு வாரத்துக்குப் பின்னும் முன்னேற்றம் இல்லையென்றால் கருவியை மாற்றத் தயங்க வேண்டாம். குரல்வழித் தட்டச்சு அமைதியான அறையில் வெற்றிபெற்று, வகுப்பின் இரைச்சலில் தோற்றுப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மாணவரை வராந்தாவில் உட்கார வைப்பதா, அவர் சொல்வதைப் பதிவுசெய்து பிறகு தட்டச்சு செய்வதா என்ற முடிவு அப்போது எழும். அந்த முடிவையும் மாணவரோடு சேர்ந்தே எடுங்கள், ஏனெனில் வராந்தாவில் தனியே உட்காருவதன் விலை என்னவென்று அவருக்குத்தான் தெரியும்.

முடிவு எதுவாக இருந்தாலும், கேள்வி கேட்ட அதே குழுவுக்குத் திரும்பிப் போய் எழுதுங்கள். 'நன்றி, பயன்பட்டது' என்பதோடு நிறுத்தாமல், என்ன செய்தீர்கள், எத்தனை நாள், எது மாறியது, எது மாறவில்லை என்று ஐந்தாறு வரி எழுதினால், அடுத்த ஆண்டு அதே தடையோடு தேடி வரும் இன்னொரு புதிய ஆசிரியருக்கு அது கிடைக்கும். பாமினி எழுத்துருவைப் பற்றி நான் எழுதிய குறிப்புக்குக் கீழே, அதே தவறைத் தாமும் செய்துவந்ததை அன்றுதான் அறிந்ததாக ஆசிரியர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய வகுப்புகளிலும் யாரோ ஒருவர் பாடம் வந்து சேராமல் காத்திருந்திருக்கிறார்.

ஆண்டு முடிவில், அந்த மாணவரை அடுத்து ஏற்கப்போகும் ஆசிரியருக்காக ஒரே ஒரு பக்கம் எழுதி, பெற்றோரின் ஒப்புதலுடன் நேரில் கொடுங்கள். எந்தக் கருவி, எந்த அமைப்பில், எந்த வேலைக்கு, சார்ஜர் எங்கே இருக்கிறது, பழுதானால் யாரைக் கேட்க வேண்டும், எது முயன்று பார்த்துக் கைவிடப்பட்டது என்பவை அதில் இருக்கட்டும். கடைசிப் பத்தியை மாணவரே எழுதட்டும், அல்லது அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். என் மாணவி தன் பத்தியில் இரண்டே வாக்கியங்கள் தட்டச்சு செய்தார்: 'தாளை அனுப்பிய பிறகு வாசிக்க வருகிறதா என்று என்னிடம் கேளுங்கள். நானாக வந்து சொல்லக் கூச்சமாக இருக்கும்.'